மடிக்கணினியின் வைஃபை அட்டையை மாற்றலாமா? செலவு செய்யும் முன் அறிய வேண்டியவை

எருத்தேன்பதி (பாலக்காடு): கைப்பேசியில் தடையின்றி ஓடும் இணையம், அதே அறையில் உள்ள மடிக்கணினியில் மட்டும் தடுமாறினால், குறை இணைப்பில் இருக்க வேண்டும் என்பதில்லை. மடிக்கணினியின் உள்ளே, ஏறக்குறைய தபால் தலை அளவில் பொருத்தப்பட்டிருக்கும் வைஃபை அட்டையிலும் அது இருக்கலாம். அந்த அட்டையை மட்டும் மாற்றினால் பல மடிக்கணினிகளை மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்த முடியும். எனினும் அட்டையை மாற்றுவது எல்லா வீடுகளிலும் பயன் தராது. எங்கே பயன் தரும், எங்கே பணம் வீணாகும் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

எல்லையோரத்தில் இது ஏன் முக்கியம்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது எருத்தேன்பதி. அருகிலுள்ள வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை பகுதிகளைப் போலவே இங்கும் தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழ்கின்றனர். இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் உள்ள தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வசித்து வருகின்றன. கல்லூரிச் சேர்க்கை, தேர்வு முடிவுகள், உதவித்தொகை விண்ணப்பம் என அனைத்தும் இணையவழிக்கு மாறிவிட்ட நிலையில், பிள்ளைகள் உள்ள வீட்டில் மடிக்கணினி இன்றியமையாத பொருளாகிவிட்டது.

அது பழுதானால் பாலக்காடு, பொள்ளாச்சி அல்லது கோவைக்கு எடுத்துச் செல்ல வேண்டியுள்ளது. கூலி வேலை செய்யும் பெற்றோருக்கு இந்தப் பயணமே ஒரு நாள் வருமானத்தை இழக்கச் செய்கிறது. எனவே, கடைக்குச் செல்லும் முன்பே குறை எதில் என்று கண்டறிவது நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

அட்டை செய்யும் வேலை என்ன?

ரௌட்டரிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பெற்று, கணினிக்குப் புரியும் தரவாக மாற்றுவதும், கணினியின் தரவை அலைகளாக அனுப்புவதும் வைஃபை அட்டையின் வேலை. பெரும்பாலான அட்டைகளில் புளூடூத் வசதியும் சேர்ந்தே இருக்கும். அட்டையிலிருந்து புறப்படும் மெல்லிய கம்பிகள் கீல் வழியாகச் சென்று, பெரும்பாலான மாடல்களில் திரையின் ஓரத்தில் உள்ள ஆன்டெனாக்களுடன் இணைகின்றன.

வைஃபை தரநிலைகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. 2009-இல் இறுதி செய்யப்பட்ட 802.11 என் தரநிலை வைஃபை 4 என்றும், 2013-இல் வந்த ஏசி தரநிலை வைஃபை 5 என்றும், 2021-இல் ஒப்புதல் பெற்ற ஏஎக்ஸ் தரநிலை வைஃபை 6 என்றும் அழைக்கப்படுகின்றன. வைஃபை 7 கருவிகளுக்கான சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது.

பழைய, விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் உள்ள வைஃபை 4 அட்டைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குபவை. இந்த அலைவரிசை சுவர்களைத் தாண்டிச் செல்வதில் சிறந்தது. ஆனால் புளூடூத், நுண்ணலை அடுப்பு, அண்டை வீட்டு ரௌட்டர் ஆகியவையும் இதே அலைவரிசையைப் பயன்படுத்துவதால் நெரிசல் மிகுதி. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேகம் அதிகம். எட்டும் தொலைவு குறைவு. தடித்த மண்சுவர், தகரக் கூரை உள்ள வீடுகளில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணரலாம்.

முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்

கேரள அரசின் கே-ஃபோன் கண்ணாடி இழை இணையத் திட்டத்தை முதலமைச்சர் பினராயி விஜயன் 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைத்தார். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு வழங்குவது இத்திட்டத்தின் இலக்குகளில் ஒன்று. கட்டண இணைப்புகளில், மாதம் 299 ரூபாய்க்கு 20 மெகாபிட் வேகம் தரும் திட்டம் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது.

இப்போது அட்டையின் திறனை நோக்குவோம். ஒரே ஆன்டெனா கொண்ட சாதாரண வைஃபை 4 அட்டை, 20 மெகாஹெர்ட்ஸ் அலைத்தடத்தில் நொடிக்கு 72 மெகாபிட் வேகத்தில் இணையும். நடைமுறையில் அதில் ஏறக்குறைய பாதியே கிடைக்கும். அப்படியானால், 20 மெகாபிட் இணைப்பு உள்ள வீட்டில் பழைய அட்டையே போதுமானது. அங்கு விலை உயர்ந்த புதிய அட்டையைப் பொருத்தினாலும் பதிவிறக்க வேகம் 20 மெகாபிட்டைத் தாண்டப் போவதில்லை.

மாறாக, 100 மெகாபிட் அல்லது அதற்கு மேற்பட்ட இணைப்பு பெற்றவர்களுக்குப் பழைய அட்டை முட்டுக்கட்டையாக மாறுகிறது. இரண்டு ஆன்டெனா கொண்ட வைஃபை 5 அட்டை 867 மெகாபிட் வரையிலும், வைஃபை 6 அட்டை, ரௌட்டரும் 160 மெகாஹெர்ட்ஸ் அலைத்தடத்தை ஏற்குமானால், 2,400 மெகாபிட் வரையிலும் இணையக்கூடியவை. சுருங்கச் சொன்னால், வாங்கும் இணைப்பின் வேகம், ரௌட்டரின் தரம், அட்டையின் திறன் ஆகிய மூன்றில் எது மிகக் குறைவோ அதுவே நமக்குக் கிடைக்கும் வேகம்.

செலவின்றிச் சரிசெய்யக்கூடிய குறைகள்

அட்டை கெட்டுவிட்டது என்று முடிவு செய்யும் முன் கீழ்க்கண்டவற்றைச் சோதிப்பது நல்லது.

முதலாவது, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட். அது 5 கிகாஹெர்ட்ஸில் அமைக்கப்பட்டிருந்தால், பழைய மடிக்கணினியின் பட்டியலில் அதன் பெயரே தோன்றாது. கைப்பேசி அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போதும்.

இரண்டாவது, ரௌட்டரின் அலைத்தடம். 2.4 கிகாஹெர்ட்ஸில் சில ரௌட்டர்கள் 12 அல்லது 13-ஆம் அலைத்தடத்தைத் தேர்ந்தெடுக்கும். அமெரிக்கச் சந்தைக்காகத் தயாரிக்கப்பட்ட மடிக்கணினிகள் பல 11 வரை மட்டுமே தேடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்த கணினியில் இந்தச் சிக்கல் எழக்கூடும். ரௌட்டரில் 1, 6, 11 ஆகிய தடங்களில் ஒன்றை நிலையாக அமைத்தால் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, பாதுகாப்பு முறை. ரௌட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் தேர்வு செய்யப்பட்டிருந்தால் பழைய அட்டைகள் பல இணையாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்ற வேண்டும்.

நான்காவது, ஆன்டெனா கம்பி. ரௌட்டரின் அருகில் மட்டும் நன்றாக இயங்கி, அடுத்த அறைக்குச் சென்றதும் இணைப்பு அறுந்தால், அட்டையிலிருந்து ஆன்டெனா கம்பி கழன்றிருக்க வாய்ப்புண்டு. திரையோ கீலோ பழுது பார்க்கப்பட்ட பிறகு இக்குறை தோன்றியிருந்தால் ஐயம் மேலும் வலுப்பெறும். கம்பியை மீண்டும் பொருத்தினாலே போதும். புதிய அட்டை தேவையில்லை.

எந்த அட்டை பொருந்தும்?

விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் பகுதிக்குச் சென்று, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழ்ப் பார்த்தால் தற்போதைய அட்டையின் பெயர் தெரியும். பெயரைக் குறித்துக்கொண்டு, மடிக்கணினியின் சேவைக் கையேட்டில் அட்டையின் வகையைச் சரிபார்க்க வேண்டும்.

அண்மைக்கால மடிக்கணினிகளில் 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட எம்.2 வகை அட்டை இருக்கும். ஏறத்தாழ 2014-க்கு முந்தைய மாடல்களில் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை காணப்படும். ஒன்றுக்காகத் தயாரிக்கப்பட்ட அட்டை மற்றதில் பொருந்தாது. ஆன்டெனா இணைப்பு முனைகளின் அளவும் வேறு. மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் வைஃபை சில்லு தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்ற இயலாது.

வாங்குவோர் பெரிதும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இன்டெல் நிறுவனத்தின் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகிய அட்டைகள் தோற்றத்தில் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 போலவே இருக்கும். ஆனால் முதல் இரண்டும், வேலையின் ஒரு பகுதியை இன்டெல் செயலித் தொகுதியிடமே ஒப்படைப்பவை. எனவே அவற்றை ஏற்கும் குறிப்பிட்ட இன்டெல் மடிக்கணினிகளில் மட்டுமே இயங்கும். ஏஎம்டி செயலி உள்ள கணினியில் இயங்கவே இயங்கா. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை பொதுவான பிசிஐ எக்ஸ்பிரஸ் முறையில் இயங்குவதால் ஏஎம்டி கணினிகளிலும் பயன்படும்.

மற்றொரு தடை, பயாஸ் எனப்படும் அடிப்படை மென்பொருளில் உள்ள அனுமதிப் பட்டியல். லெனோவா, எச்பி நிறுவனங்களின் பழைய மாடல்கள் சிலவற்றில், பட்டியலில் இல்லாத அட்டையைப் பொருத்தினால் கணினி பிழைச் செய்தியைக் காட்டி நின்றுவிடும். இத்தகைய மாடல் வைத்திருப்போர், சேவைக் கையேட்டில் குறிப்பிடப்பட்ட அட்டையையே வாங்க வேண்டும்.

மாற்றும் முறை

பள்ளிக்குச் சொந்தமான மடிக்கணினியை வீட்டில் பிரிக்கக் கூடாது. அதைப் பள்ளியின் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளரிடம் ஒப்படைப்பதே முறை. சொந்தக் கணினி உத்தரவாதக் காலத்தில் இருந்தால் நிறுவனத்தின் சேவை மையத்தை நாட வேண்டும்.

மற்றவர்கள், புதிய அட்டைக்கான டிரைவர் மென்பொருளை முன்கூட்டியே பதிவிறக்கிப் பென் டிரைவில் சேமித்துக்கொள்வது அவசியம். அட்டையை மாற்றிய பின் இணையமின்றித் தவிக்கும் நிலை இதனால் தவிர்க்கப்படும்.

கணினியை முழுமையாக அணைத்து, மின்கம்பியை அகற்றி, அடிமூடியின் திருகுகளைச் சிறிய திருப்புளியால் கழற்ற வேண்டும். திருகுகளின் நீளம் வேறுபடும் என்பதால், அவை இருந்த இடத்தின் வரிசையிலேயே ஒரு தாளில் வைப்பது நல்லது. மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். உடலில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும் என்பதால், உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டபின் வேலையைத் தொடர வேண்டும்.

ஆன்டெனா கம்பிகள் எந்த முனையில் இருந்தன என்பதைப் படம் எடுத்துக்கொண்டு, அவற்றை நேர் மேலாகத் தூக்கிக் கழற்ற வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் முனை முறிந்துவிடும். அட்டையின் ஒற்றைத் திருகை எடுத்ததும் அட்டை சற்றே சாய்வாக எழும். அதை அந்தச் சாய்விலேயே வெளியே இழுத்து, புதிய அட்டையையும் அதே சாய்வில் செருகி, மெல்ல அழுத்தித் திருகிட வேண்டும். பின்னர் கம்பிகளைப் பொருத்த வேண்டும். சரியாகப் பொருந்தினால் மெல்லிய சொடுக்கு ஒலி கேட்கும். கடைசியாக பேட்டரியை இணைத்து மூட வேண்டும்.

இயங்குதளத்தையும் கவனிக்க வேண்டும்

இன்டெல்லின் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 அட்டைகளுக்கு விண்டோஸ் 7-இல் அதிகாரப்பூர்வ ஆதரவு இல்லை. 64 பிட் விண்டோஸ் 10 அல்லது 11 தேவை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. லினக்ஸில் ஏஎக்ஸ்210 அட்டைக்கு 5.10 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னல் வேண்டும். கேரளப் பள்ளிகளுக்காகக் கைட் அமைப்பு வழங்கும் உபுண்டு 22.04 அடிப்படையிலான இயங்குதளம் இந்த நிபந்தனையை நிறைவு செய்கிறது.

எளிய மாற்று வழி

கணினியைத் திறக்கத் தயங்குவோர் யுஎஸ்பி வைஃபை கருவியைப் பயன்படுத்தலாம். அனுமதிப் பட்டியல் உள்ள கணினிகளுக்கும், பற்றவைக்கப்பட்ட சில்லு உள்ளவற்றுக்கும் இதுவே ஏற்ற வழி. யுஎஸ்பி 3.0 துளையில் இயங்கும் கருவிகள் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பாதிக்கும் என்பதால், இரு அலைவரிசைக் கருவியை வாங்கி 5 கிகாஹெர்ட்ஸில் இணைப்பது சிறந்தது. ரௌட்டர் அருகிலேயே இருந்தால், சாதாரண லேன் கம்பி எல்லாவற்றையும் விட உறுதியான இணைப்பைத் தரும்.

6 கிகாஹெர்ட்ஸ் அட்டை இப்போதே தேவையா?

வைஃபை 6இ, வைஃபை 7 அட்டைகள் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் பயன்படுத்தக்கூடியவை. இந்தியாவில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கு உரிம விலக்கு அளிக்கும் வரைவு விதிகளை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வெளியிட்டது. ஆனால் வீட்டில் உள்ள ரௌட்டர் 6 கிகாஹெர்ட்ஸை வழங்காத வரை, இவ்வசதிக்காகக் கூடுதல் பணம் செலவிடுவதில் பயனில்லை.

கழற்றிய பழைய அட்டையை, புதியது சில வாரங்கள் சீராக இயங்கும் வரை பாதுகாத்து வைப்பது நல்லது. அதன்பின் அதை வீட்டுக் குப்பையில் வீசக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இத்தகைய பொருள்கள் மறுசுழற்சிக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.