உங்கள் கடை எந்த வார்டில் இருக்கிறது?

சொத்து வரி, தொழில் வரி கட்ட வேண்டிய நாள் நம் வணிகர்களுக்கு மனப்பாடம். ஆனால் கடை இருக்கும் வார்டு எண்ணைக் கேட்டால், பழைய எண்ணைச் சொல்பவர்களே அதிகம். குப்பை, சாக்கடை, தெருவிளக்கு என்று எதற்கு மனுக் கொடுத்தாலும் முதலில் கேட்கப்படுவது வார்டு எண்தான்.

சென்னை மாநகராட்சி 1688-இல் தோன்றியது. 1973-இல் அதன் மாமன்றம் கலைக்கப்பட்டது. மீண்டும் தேர்தல் நடந்தது 1996-இல்தான். இடைப்பட்ட 23 ஆண்டுகள் குறையைச் சொல்லக் கவுன்சிலரே இல்லை. 1996-இல் வார்டுகள் 155. நகரின் பரப்பு 174 சதுர கிலோமீட்டர்.

2011-இல் அம்பத்தூர், ஆலந்தூர், மாதவரம், திருவொற்றியூர் முதலான பகுதிகள் சேர்க்கப்பட்டன. பரப்பு 426 சதுர கிலோமீட்டராகவும், வார்டுகள் 200 ஆகவும் உயர்ந்தன. புதிய பகுதிகளுக்கு 93 வார்டுகள் போக, பழைய நகருக்குக் கிடைத்தவை 107 மட்டுமே. அதாவது, பழைய நகரம் 48 வார்டுகளை இழந்தது. மூன்று கவுன்சிலர்கள் பார்த்த இடத்தை ஏறக்குறைய இருவர் பார்க்கும் நிலை. பின்னர் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி எல்லைகள் மறுபடியும் வரையப்பட்டு, 2022-இல் தேர்தல் நடந்தது. எண்ணிக்கை 200 ஆகவே நீடித்தது.

இதில் வணிகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வார்டு பிரிப்பதற்கு அடிப்படை குடியிருப்போர் தொகை. கடைகளின் எண்ணிக்கை அல்ல. சவுகார்பேட்டை, தியாகராயநகர் போன்ற இடங்களில் வீடுகள் கடைகளாகவும் கிடங்குகளாகவும் மாற மாற, அங்கே தலைக்கணக்கு குறையும். வார்டு அக்கம்பக்கத்தோடு சேர்ந்து அகலும். கடைக்கு வரி கட்டுபவர் வேறு பகுதியில் குடியிருந்தால், அவர் ஓட்டும் அங்கேதான். எல்லைக்கோடு கடைத்தெருவின் நடுவே ஓடினால் சிக்கல் இன்னும் பெரிது. கிழக்கு வரிசைக்கு ஒரு கவுன்சிலர், மேற்கு வரிசைக்கு வேறொருவர். நடுவில் தேங்கும் சாக்கடை நீருக்கு யாரிடம் போவது?

எல்லையை இறுதி செய்யுமுன் வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை கேட்பது வழக்கம். அந்தச் சில நாட்களில் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த பிரிப்பு வரை முணுமுணுப்பதில் பயனில்லை. ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் பகுதியின் வார்டு வரைபடத்தை அலுவலகத்தில் மாட்டி வைக்கட்டும். அடுத்த வரைவு வந்ததும், கடைத்தெரு முழுவதும் ஒரே வார்டில் அமையுமாறு கையெழுத்துத் திரட்டி மனுக் கொடுக்கட்டும். தராசு முள்ளைக் கவனிக்கும் கண், வார்டு எல்லையையும் கவனிக்க வேண்டும்.