தெற்கிற் கண்ட நிறம்

மேனாட்டிற் சித்திரம் பயின்று திரும்பிய கீழைநாட்டுக் கலைஞர் பலர், தாயகத்து வெயிலையும் பாரிஸ் நகரின் மங்கலொளியிலேயே தீட்டி வந்தனர். அமிர்தா ஷேர்கில் என்னும் பெண்மணியும் அவ்வாறு நின்றிருக்கலாம். பஞ்சாபியச் சீக்கியத் தந்தைக்கும் ஹங்கேரியத் தாய்க்கும் மகளாக 1913இல் புடாபெஸ்ட் நகரிற் பிறந்த அவர், பாரிசிலே பயின்று, 1932இல் வரைந்த ‘இளம் பெண்கள்’ என்னும் ஓவியத்துக்கு அடுத்த ஆண்டே தங்கப் பதக்கமும் பெற்றார். ஆயினும் 1934இன் இறுதியில் இந்தியாவுக்குத் திரும்பினார்.

அவருடைய கலையை மாற்றியது தென்னாட்டுப் பயணமே. 1936இன் இறுதியிலும் 1937இன் தொடக்கத்திலும் அஜந்தாக் குகைகளையும், கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்களையும், கன்னியாகுமரியையும் கண்டார். மேனாட்டு முறையில் உடலின் திரட்சியைக் காட்டுவன ஒளியும் நிழலும். அச்சுவர்களிலோ கோடும் பரந்த வண்ணமுமே அவ்வேலையைச் செய்தன. சிவப்புக்குப் பக்கத்திற் பச்சை நின்றால் இரண்டும் ஒளிபெறும் என்பது மருதமுனையிற் சேலை நெய்வோர் எவரும் அறிந்த செய்திதான். அதனை ஓவியக்கல்லூரியிற் பயின்ற ஒருவர் பழஞ்சுவர்களின் முன்னின்று மீண்டும் கற்றுக்கொண்டது வியப்பன்று. கற்கவேண்டும் என்று உணர்ந்ததே பெரிது.

‘மணமகள் அலங்காரம்’, ‘பிரம்மசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்’ ஆகிய மூன்றும் 1937இல் உருவாயின. அவற்றில் வரும் கருமேனி மாந்தர் அழகுப் பொம்மைகளல்லர், இரக்கத்துக்காகக் காட்டப்பட்டோருமல்லர். மணமகளைச் சூழ்ந்த பெண்களிடம் திருமணக் களிப்பைத் தேடினாற் கிடையாது. வீட்டுக்குள்ளிருக்கும் பெண்ணின் மௌனத்தைப் பெரிய ஓவியத்துக்குரிய பொருளாக்கினார் அமிர்தா.

1941 டிசம்பரில் லாகூரில் அவர் மறைந்தபோது வயது இருபத்தெட்டே. வாழ்ந்த காலத்தில் அவர் படங்களை வாங்கியோர் சிலரே. 1976இலோ இந்திய அரசு அவற்றை நாட்டைவிட்டு வெளியேறலாகாக் கலைச்செல்வமென அறிவித்தது. விலையைவிடப் பெரிய மரபு வேறு: அர்பிதா சிங், நீலிமா ஷேக் முதலிய பின்வந்த பெண் ஓவியர் வீட்டையும் பெண்ணையும் தயக்கமின்றிப் பொருளாகக் கொள்வதற்கு முன்னுதாரணம் ஒன்று இருந்தது.

கல்முனைக் கரையோரப் பாடசாலைகளிலே, பார்த்தறியாத பனிமலையையும் ஊசியிலை மரத்தையும் வரையும் பிள்ளைக்கும் இதில் ஒரு பங்குண்டு. மனித உருவம் வரையத் தயங்கும் இல்லங்களும் இங்கே உள; அவர்களுக்கும் அமிர்தா விட்டுச்சென்ற வண்ணம் உதவும். உச்சி வெயிலில் மணல் என்ன நிறம், கரைக்கு இழுக்கப்பட்ட தோணியின் நிழல் உண்மையிற் கறுப்புத்தானா என்று ஆசிரியர் பிள்ளையை வெளியே அழைத்துச்சென்று கேட்கலாம்.