‘நான் ஒல்லியாத்தானே இருக்கேன்?’ - திண்டுக்கல்காரர்கள் இன்ச் டேப்பைத் தேட வேண்டியது ஏன்?

ஞாயிற்றுக்கிழமை சீரக சம்பா பிரியாணியை ஒரு வெட்டு வெட்டிவிட்டு, திங்கட்கிழமை காலையில் எடை மெஷினில் ஏறி நிற்கிறீர்கள். உயரம் 170 செ.மீ., எடை 71 கிலோ. போனில் இருக்கும் ஹெல்த் ஆப்பில் போட்டால் பி.எம்.ஐ. 24.6 என்று காட்டுகிறது. பச்சை நிறத்தில் ‘நார்மல்’. அப்பாடா!

கொஞ்சம் பொறுங்க. பல ஆப்கள் காட்டும் அந்தப் பச்சைக் கோடு உங்கள் உடம்பை வைத்துப் போடப்பட்டது இல்லை.

பி.எம்.ஐ. என்றால் என்ன?

எடையை (கிலோவில்), உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்தான் பி.எம்.ஐ. உலக அளவில் 18.5 முதல் 24.9 வரை நார்மல், 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடல் பருமன். ஐரோப்பிய இனத்தவரிடம் செய்த ஆய்வுகளின் அடிப்படையில்தான் இந்தக் கோடுகள் பெரும்பாலும் உருவாயின.

நமக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?

பல இனத்தவர் சேர்ந்து வாழும் இங்கிலாந்தில் சுமார் 14.7 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து, 2021-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பி.எம்.ஐ. 30 உள்ள வெள்ளையருக்கு சர்க்கரை நோய் வர எவ்வளவு வாய்ப்போ, அதே வாய்ப்பு சீனருக்கு 26.9-லேயே வந்துவிடுகிறது. கறுப்பினத்தவருக்கு 28.1. நம்மைப் போன்ற தெற்காசியருக்கு? வெறும் 23.9!

கிலோவில் சொன்னால் இன்னும் தெளிவாகப் புரியும். 170 செ.மீ. உயரத்தில் 87 கிலோ இருக்கும் வெள்ளையருக்கு உள்ள ஆபத்து, அதே உயரத்தில் 69 கிலோ இருக்கும் நம்மவருக்கு இருக்கிறது. 71 கிலோ ‘நார்மல்’ ஆசாமி அதையும் தாண்டிவிட்டார்.

ஒல்லிக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பு

2004-ல் ‘லான்செட்’ இதழில் இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் தங்கள் உடம்பையே உதாரணமாகக் காட்டினார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான்: 22.3. ஆனால், உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்.

மேட்டர் இதுதான். நம்மவர்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதுவும் தோலுக்கடியில் மட்டும் தங்காமல் வயிற்றுக்குள், கல்லீரலைச் சுற்றிச் சேர்கிறது. அது இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. சட்டை போட்டால் ஒல்லி, பேன்ட் போட்டால் தொப்பை என்று நாம் சிரிக்கிற விஷயம் உண்மையில் சிரிப்பதற்கு இல்லை.

தமிழ்நாட்டு நிலவரம்

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 2015-16-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேருக்கு பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல் இருந்தது. 2019-21-ல் அது 40.4 சதவீதம். ஆண்களிடம் 28.2-லிருந்து 37 சதவீதமாக ஏறியது. அப்போது பெண்களுக்கான தேசிய சராசரி 24 சதவீதம்தான். கவனியுங்கள், இது 25 என்ற கோட்டை வைத்துப் போட்ட கணக்கு. 23-ஐ வைத்து எண்ணினால் கூட்டம் இன்னும் பெரிதாகும்.

சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று, 1.13 லட்சம் பேரிடம் நாடு முழுக்க நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு 2023-ல் வெளியானது. அதில் பொதுவான உடல் பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமனோ 39.5 சதவீதம். எடை மெஷினில் மாட்டாத பலர் இன்ச் டேப்பில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று அர்த்தம்.

உங்கள் கோடு எது?

இந்திய மருத்துவ நிபுணர்கள் 2009-ல் ஒருமித்து வகுத்த அளவு இது: பி.எம்.ஐ. 23 தொட்டால் அதிக எடை, 25 தொட்டால் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினால் எச்சரிக்கை.

திண்டுக்கல்லில் தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசும் வீடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. வீட்டுச் சமையல் மாறலாம். இந்த அளவு எல்லோருக்கும் ஒன்றுதான்.

எப்படி அளப்பது?

பேன்ட் சைஸை நம்பாதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் முனைக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டு அளவு பாருங்கள். வயிற்றை எக்கக் கூடாது!

அளவு தாண்டிவிட்டதா?

பயப்பட வேண்டாம், தள்ளியும் போட வேண்டாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பாருங்கள். ‘எனக்கு 28 வயசுதானே’ என்று விட்டுவிடாதீர்கள். இரண்டும் சத்தமில்லாமல் வரக்கூடியவை.

எப்போதோ சாப்பிடும் பிரியாணியைவிட, தினமும் மூன்று வேளையும் தட்டை நிரப்பும் சோறு, இட்லி, தோசையின் அளவுதான் முக்கியம். அதில் கொஞ்சம் குறைத்து, சுண்டல், பருப்பு, முட்டை, காய்கறியைக் கூட்டுங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தசைக்கும் வேலை கொடுங்கள். மலைக்கோட்டைப் படிகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன.

வீட்டுத் தையல் மெஷின் டிராயரில் ஒரு இன்ச் டேப் இருக்கும். இன்றைக்கே எடுத்து, அம்மா அப்பாவுக்கும் சேர்த்து அளந்துவிடுங்கள்.