விளம்பர முகத்துக்குப் பின்னால் ஒரு கைவேலை



பத்திரிகை அட்டையிலும் கடை வாசல் போர்டிலும் வரும் முகங்களை தினமும் பார்க்கிறோம். ஒரு பரு இல்லை, கருவளையம் இல்லை. "எந்த க்ரீம் போட்டா இப்படி ஆகலாம்?" என்று நம் பெண் பிள்ளைகள் கேட்கிறார்கள். படம் எடுத்த பிறகு ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்து செய்த வேலை அது. அதற்கு ரீடச்சிங் என்று பெயர். அதில் என்னதான் நடக்கிறது? தெரிந்துகொள்வோம்.

இது புதுசா?

இல்லை. ஃபிலிம் காலத்திலேயே ஸ்டுடியோக்காரர் நெகட்டிவில் மெல்லிய பென்சிலால் தழும்பை மறைப்பார். 'டச்சிங்' என்று சொல்வோமே, அதுதான். 1990-ல் போட்டோஷாப் வந்தது. பென்சில் வேலை மெல்ல மெல்ல கம்ப்யூட்டருக்குப் போனது.

எப்படிச் செய்கிறார்கள்?

முதலில், பரு, தழும்பு இருக்கிற இடத்தில் பக்கத்துத் தோலையே எடுத்து ஒட்டுவார்கள். கிழிஞ்ச புடவைக்கு அதே துணியில் ஒட்டுப் போடுகிற மாதிரி.

இரண்டாவது, படத்தை இரண்டாகப் பிரிப்பார்கள். தோலின் நிறமும் நிழலும் ஒன்றில். மயிர்க்கால், நுண்சுருக்கம் இன்னொன்றில். புடவையில் சாயம் வேறு, நெசவு வேறு இல்லையா? அப்படி. இழையைத் தொடாமல் சாயத்தை மட்டும் சரிசெய்யலாம்.

மூன்றாவதுதான் பெரிய வேலை. முகத்தை திரையில் பல மடங்கு பெரிதாக்கி, இருட்டான புள்ளியை வெளுப்பாக்குவதும் வெளுத்த புள்ளியை இருட்டாக்குவதும். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகச் செய்யணும். ஒரே முகத்துக்கு மணிக்கணக்கில் ஆகும்.

கடைசியில் கழுத்தை நீட்டுவது, இடுப்பைக் குறைப்பது, கண்ணைப் பெரிதாக்குவது. 2006-ல் டவ் சோப்பு நிறுவனம் வெளியிட்ட 'எவல்யூஷன்' என்ற குறும்படத்தில் ஒரு பெண்ணின் முகம் இப்படி மாறுவதைக் காட்டினார்கள்.

இதில் என்ன ரகசியம்?

"அது பெரிய ஆளுங்க வித்தை" என்று ஒரு பேச்சு உண்டு. காரணம், வேலை செய்ததே தெரியக்கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் லட்சணம். நியூயார்க்கில் பாஸ்கல் டான்ஜின் என்பவர் இதில் பேர் பெற்றவர். 2008 மார்ச் மாத 'வோக்' இதழில் மட்டும் 144 படங்களில் அவர் கை பட்டது. அதில் 107 விளம்பரங்கள். அட்டைப்படமும் அவர் திருத்தியதே.

மந்திர பட்டன் எதுவும் இல்லை. ஊசி எல்லோர் வீட்டிலும்தான் இருக்கு, ஆரி வேலை எல்லோருக்கும் வருதா? கண்ணும் பொறுமையும்தான் வித்தியாசம். இன்று செல்போனே ஒரு நொடியில் முகத்தை வழவழப்பாக்கும். ஆனால் அது மயிர்க்காலையும் சேர்த்து அழித்துவிடும். கைதேர்ந்தவர் அதை விட்டுவைப்பார். அதனால்தான் அவர் செய்த படத்தை உண்மை என்றே நம்புகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரான்ஸில் 2017 முதல், மாடலின் உடலை ஒல்லியாகவோ குண்டாகவோ மாற்றிய விளம்பரப் படத்தில் 'திருத்தப்பட்ட படம்' என்று எழுத வேண்டும். நார்வேயில் 2022 முதல் இப்படி ஒரு சட்டம் உண்டு. நம் நாட்டில் விளம்பரத் தரக் கவுன்சில் 2014-ல் சிவப்பழகு விளம்பரங்களுக்கு விதி கொண்டுவந்தது. கறுப்பாக இருப்பவரை தாழ்வாகக் காட்டக்கூடாது.  மீறினால் பொதுமக்கள் அங்கே புகார் செய்யலாம்.

நாம் என்ன செய்யலாம்?

* போஸ்டர் முகத்தோடு நம் பிள்ளை முகத்தை ஒப்பிட வேண்டாம். அந்தப் படத்தில் இருக்கும் பெண்ணுக்கே அந்த முகம் கிடையாது.

* சிவப்பழகு க்ரீம் வாங்கும் முன் யோசிப்போம். சிலவற்றில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. தோலைக் கெடுக்கும். டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம்.

* வரன் பார்க்க போட்டோ எடுக்கும்போது "கலர் ஏத்தட்டுமா?" என்று கேட்டால், "இருக்கிற மாதிரியே இருக்கட்டும்" என்று தைரியமாகச் சொல்வோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு செல்போனில் அழகுபடுத்தும் வசதியை வைத்து ஒரு படமும், எடுத்துவிட்டு ஒரு படமும் பிடித்துப் பாருங்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். நாம் பத்து தடவை சொல்வதை அந்த இரண்டு படமே சொல்லிவிடும்.