கடுகண்ணாவைப் புகையிரத நூதனசாலை

பழம்பொருள்களைக் காணச் செல்வோர் வயது முதிர்ந்த ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுதல் நன்று. பொருளின் பெயரையும் ஆண்டையும் அருகே உள்ள பலகை கூறிவிடும். அதனோடு வாழ்ந்தவரின் அனுபவத்தை அப்பலகை கூறாது. சில ஆண்டுகளுக்கு முன் எமது தந்தையாரையும் பத்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு கடுகண்ணாவைக்குச் சென்றபோது இதனை நாம் நன்கு உணர்ந்தோம்.

கொலன்னாவைப் பிள்ளைகளுக்குப் புகையிரதம் புதிதன்று. எண்ணெய்க் குதங்களுக்கு வந்து போகும் தாங்கி வண்டிகளைக் கண்டு பழகியவர்கள் அவர்கள். ஆயினும் மலையேறும் புகையிரதத்தின் அழகே வேறு. கோட்டை நிலையத்திற் புறப்பட்ட எமது வண்டி றம்புக்கனையைக் கடந்ததும் ஏற்றம் தொடங்கிற்று. அங்கே தொடர்ந்து உயர்கிறது பாதை. நீராவிக் காலத்தில் முன்னே ஓர் எஞ்சின் இழுக்க, பின்னே மற்றோர் எஞ்சின் தள்ளிச் செல்லும் என்று தந்தையார் கூறக் கேட்டு மகன் வியந்தான்.

இப்பாதை தோன்றியது பிரயாணிகளின் வசதிக்காக அன்று. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து கோப்பியைத் துறைமுகத்திற் சேர்ப்பதே அதன் முதல் நோக்கம். 1864ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆந் தேதி கொழும்பிலிருந்து 54 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அம்பேபுஸ்ஸவுக்கு முதலாவது புகையிரதம் ஓடிற்று. 1867இற் பாதை கண்டியை எட்டியது. பின்னர் நோயினாற் கோப்பி அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பாதையோ மேலும் மேலும் ஏறி 1924இற் பதுளையை அடைந்தது.

முதற் புகையிரதம் ஓடி 150 ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், 2014 டிசெம்பர் 27இல், கடுகண்ணாவை நிலையத்தை அடுத்து இந்த நூதனசாலை திறக்கப்பட்டது. பெரிய இடமன்று, ஒரு மணி நேரத்திற் சுற்றி வந்துவிடலாம்.

நிலையத்தில் நின்றபோது, "ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் மோதாவா?" என்று மகன் கேட்டான். தந்தையார் விளக்கினார். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் இணைந்து இயங்கும் பெட்டிகள் உள்ளன. இரு நிலைய அதிபர்களும் இசைந்தால் மாத்திரமே ஒரு வில்லை வெளிவரும். அவ்வில்லை சாரதியின் கையில் இருக்கும் வரை வேறொன்றை எடுக்க இயலாது. வில்லையின்றி வண்டி நகராது. எத்துணை எளிய ஏற்பாடு! எத்தனை உயிர்களுக்குக் காவல்!

பழைய எஞ்சின் ஒன்றின் அருகே தந்தையார் நெடுநேரம் நின்றார். யாழ்தேவி 1956ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஓடத் தொடங்கியது. கொழும்பில் எழுதுவினைஞராகச் சேர்ந்த நாள் முதல், விடுமுறை தோறும் அவரை ஊருக்குக் கொண்டு சேர்த்தது அவ்வண்டியே. 1990இல் யாழ்ப்பாணத்திற்கான சேவை நின்றது. அதன் பின் சில ஆண்டுகளில் ஊரிலிருந்த அவருடைய தாயார் காலமானார்.

"பாதை இல்லாமல் எப்படிப் போனீங்கள் அப்பப்பா?" என்று கேட்டான் மகன்.

"போகேல்லை, ராசா" என்றார் தந்தையார்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, மகனும் கேட்கவில்லை. அவருடைய கையைப் பற்றிக்கொண்டு பேசாது நடந்தான்.

2014 ஒக்டோபர் 13இற் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2015 ஜனவரி 2இற் காங்கேசன்துறை வரை சென்றது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட நாளொன்றிலேயே நூதனசாலையும் திறக்கப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இருபத்து நான்கு ஆண்டுகள் இல்லாதிருந்த பாதையைப் பற்றிப் பாடநூலில் ஒரு வரியே இருக்கலாம். அவ்வொரு வரிக்குள் எத்தனை குடும்பங்களின் பிரிவு அடங்கியிருக்கிறது!

வீட்டிற் பெரியோர் உள்ள வாசகர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. அவர்கள் நடக்க வல்லவராய் இருக்கும்போதே பிள்ளைகளுடன் இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகள் கேட்கட்டும், பெரியோர் சொல்லட்டும். இரும்பிலான எஞ்சினை வருணம் பூசிப் பாதுகாத்துவிடலாம். நினைவைப் பாதுகாக்கக் கேட்பதற்கு ஒரு செவி வேண்டும்.