அறுபத்து நான்கு கட்டங்களில் ஒரு பேரெண்



சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரே ஒரு மணியை எடுத்துச் சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் வையுங்கள். இரண்டாம் கட்டத்தில் இரண்டு, மூன்றாவதில் நான்கு, நான்காவதில் எட்டு என ஒவ்வொன்றிலும் முன்னையதன் இரு மடங்கை வைத்துக்கொண்டே போங்கள். 64 கட்டங்களும் நிரம்பும்போது மொத்தம் எத்தனை மணிகள் தெரியுமா?

18,446,744,073,709,551,615!

இருபது இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணைக் கி.பி. 1000ஆம் ஆண்டளவிலேயே அறிஞர் அல்பிரூனி பிழையின்றிக் கணித்து எழுதிவைத்தார். சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் மன்னரிடம் இப்படிக் கோதுமை மணிகளைப் பரிசாகக் கேட்ட கதையை 13ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் பதிவுசெய்தார். தொகை இவ்வளவு பெரிதாகும் என்பதை முதலில் அவரே நம்பவில்லை. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கணக்கர் ஒருவர் மணிகளை அளவுப் பாத்திரமாகவும், பாத்திரங்களைக் களஞ்சியமாகவும், களஞ்சியங்களை நகரமாகவும் மாற்றிக் கணக்கிட்டார். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் 16,384 நகரங்களின் தானியம் தேவைப்பட்டது!

கூட்டாமலே விடை

64 எண்களையும் கூட்டிக் களைக்க வேண்டியதில்லை. 1, 2, 4, 8 ஆகியவற்றைக் கூட்டினால் 15. அடுத்த கட்டத்துக்குரியது 16. எங்கே நிறுத்தினாலும் அதுவரை சேர்ந்த மொத்தம், அடுத்த கட்டத்தைவிட ஒன்று குறைவாகவே இருக்கும்.

இந்தப் பேரெண் 3ஆல் மீதியின்றி வகுபடும். ஏன்? கட்டங்களை இரண்டிரண்டாகச் சேருங்கள்: 1+2=3, 4+8=12, 16+32=48. எல்லாமே மூன்றின் மடங்குகள். நான்கு நான்காகச் சேர்த்தால் 15, 240 என வரும். ஆகவே 5ஆலும் வகுபடும். முதல் வரிசையின் எட்டுக் கட்டங்களின் கூட்டுத்தொகை 255. அது 17இன் மடங்கு. அடுத்தடுத்த வரிசைகள் ஒவ்வொன்றும் முன்னையதன் 256 மடங்கு. ஆகவே 17ஆலும் வகுபடும்.

இதில் நமக்கு என்ன பாடம்?

ஒரு மணி 25 மில்லிகிராம் எனக் கொண்டால், 16ஆம் கட்டத்தில் ஒரு கிலோ அரிசிகூட இராது. பாதிப் பலகை நிரம்பும்போதும் மொத்தம் 107 தொன் அளவே. முழுப் பலகைக்கோ ஏறத்தாழ 46,000 கோடி தொன் வேண்டும்! இன்று உலகம் முழுவதும் விளையும் அரிசியை எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் சேர்த்தாலே அது நிறையும்.

கடனும் இப்படித்தான் வளரும். நூற்றுக்கு மாதம் 2 ரூபா வட்டி சிறியதாகத்தான் தெரியும். கட்டாத வட்டி முதலோடு சேர்ந்துகொண்டே போனால், மூன்று ஆண்டுகளில் கடன் இரு மடங்காகிவிடும். பதினைந்து ஆண்டுகளில் 32 மடங்கையும் தாண்டிவிடும்.

எனவே, “மாதம் இவ்வளவுதானே” என்று யாராவது கடன் தர முன்வந்தால், ஒப்பமிட முன் தாளும் பேனாவும் எடுங்கள். எத்தனை மாதத்தில் அது இரட்டிப்பாகும் என்று கணக்குப் பாருங்கள். உங்கள் பெண்பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு அவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.