பிரசவ வலிக்குக் கணக்கு பார்க்கும் செல்போன்!

நிமிடத்தைச் சொல்லும், ஆபத்தைச் சொல்லாது

நள்ளிரவு 2 மணி. வடசென்னையில் ஒரு சின்ன வீடு. தலைப்பிரசவத்துக்காகத் தாய் வீடு வந்த பெண், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்கிறாள்.

"சூட்டு வலியாத்தான் இருக்கும்டி. சீரகத் தண்ணி வச்சுத் தர்றேன், குடி" என்கிறாள் தாய்.

"இல்லம்மா... விட்டு விட்டு வருதும்மா" என்கிறாள் மகள்.

தம்பி கையில் செல்போன். "அக்கா, வலி வந்ததும் சொல்லு. நான் தட்டுறேன்" என்கிறான்.

இது இப்போது பல வீடுகளில் பார்க்கக்கூடிய காட்சி. செல்போனில் ஒரு பெரிய பட்டன். வலி தொடங்கும்போது ஒரு தட்டு. வலி விட்டதும் இன்னொரு தட்டு. அவ்வளவுதான்! எத்தனை வினாடி வலித்தது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று வரிசையாகக் காட்டிவிடுகிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பாட்டிமார் எண்ணிய வேலையை இப்போது 'ஆப்' பார்க்கிறது.

எப்படி எண்ணுவது?

இங்கேதான் பலர் கணக்கில் தவறுகிறார்கள். வலி முடிந்த நேரத்தில் இருந்து எண்ணுகிறார்கள். அது சரியல்ல. ஒரு வலி தொடங்கிய நேரத்தில் இருந்து அடுத்த வலி தொடங்கும் நேரம் வரை எண்ணவேண்டும். 2 மணிக்கு வந்த வலி 1 நிமிடம் நீடித்தது. அடுத்த வலி 2-05க்கு வந்தது என்றால், இடைவெளி 5 நிமிடம். 4 நிமிடம் அல்ல.

தலைப்பிரசவத்துக்கு "5-1-1" என்று ஒரு கணக்கு உண்டு. 5 நிமிடத்துக்கு ஒரு வலி. ஒவ்வொரு வலியும் 1 நிமிடம். இப்படியே 1 மணி நேரம். அப்படியானால் புறப்பட வேண்டியதுதான்.

இரண்டாவது, மூன்றாவது பிரசவம் என்றால் வேகம் அதிகம். அவர்கள் இந்தக் கணக்குக்காகக் காத்திருக்கக்கூடாது. ஆஸ்பத்திரி தூரமாக இருந்தாலும், மழை கொட்டினாலும் முன்கூட்டியே கிளம்புவதே நல்லது.

சூட்டு வலியா, நிஜ வலியா?

சூட்டு வலிக்கு ஒழுங்கு கிடையாது. கொஞ்சம் நடந்தால், படுத்தால், தண்ணீர் குடித்தால் அடங்கிவிடும். 1872-ல் இதைப் பற்றி எழுதியவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டர். அதனால் டாக்டர்கள் இன்றும் அவர் பெயராலேயே இதைச் சொல்கிறார்கள்.

நிஜ வலி எதற்கும் அடங்காது. நேரம் ஆக ஆக நெருங்கி வரும், நீண்டு வரும், பலமும் கூடும்.

போனுக்குத் தெரியாதது

செல்போனுக்குத் தெரிந்தது பட்டன் ஒன்றுதான். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது? தெரியாது. குழந்தையின் இதயம் எப்படித் துடிக்கிறது? அதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியில் நர்சு வயிற்றில் கை வைத்து, 10 நிமிடத்தில் எத்தனை வலி என்று எண்ணுகிறார். குழந்தையின் துடிப்பைக் கேட்கிறார். கர்ப்பப்பை வாயைச் சோதிக்கிறார்கள். அது கைக்கும் காதுக்கும் உள்ள வேலை. போனால் முடியாது.

காத்திருக்கக்கூடாது!

கீழ்க்கண்டவற்றில் எது நடந்தாலும் நிமிடக் கணக்கு பார்க்கக்கூடாது. உடனே புறப்பட வேண்டும்.

பனிக்குடம் உடைந்தால் - அதுவும் நீர் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் மிக அவசரம். ரத்தப்போக்கு இருந்தால். குழந்தையின் அசைவு குறைந்தால். கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு வந்தால். வலி விடாமல் ஒரேயடியாக நீடித்தால். 37 வாரம் நிறையும் முன்பே வலி வந்தால். முன்பு ஆபரேஷன் செய்து குழந்தை பெற்றவர்களும் வலி தொடங்கியதுமே போய்விட வேண்டும்.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. எங்கே பிரசவம் என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. எப்போது புறப்படுவது என்பதுதான் மிச்சம். அதை போன் கையில் மட்டும் விட்டுவிடக்கூடாது.

வடசென்னை வீட்டில் மணி 3.

"போன் என்னடா சொல்லுது?" என்கிறாள் தாய்.

"8 நிமிஷம்மா. இன்னும் நேரம் இருக்குன்னு காட்டுது."

"அம்மா... தண்ணி உடைஞ்சிடுச்சும்மா!" மகளின் குரல் நடுங்குகிறது.

தாய் கையில் இருந்த சீரகத் தண்ணியைக் கீழே வைக்கிறாள்.

"அந்தப் பட்டனை விடுடா. அதே போன்ல 108-ஐப் போடு!"